"பிபிஐயே இல்லை" என்ற வங்கியிடமிருந்து பணத்தை மீட்ட கதை

2007-இல் லண்டனில் எடுத்த ஏழு வருடக் கடனோடு பேமென்ட் புரொடெக்‌ஷன் இன்சூரன்ஸையும் (பிபிஐ: நோய், வேலையிழப்பு போன்றவற்றால் தவணை கட்ட முடியாமல் போனால் கட்டித் தரும் காப்பீடு) தலையில் கட்டியிருந்தார்கள். 2018 கடைசியில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "உங்கள் கணக்கில் பிபிஐயே இல்லை" என்றது வங்கி. போனில் யார் எடுத்தாலும் அதே பல்லவி. பழைய ஸ்டேட்மென்ட்களைப் புரட்டினேன். பிரீமியம் என்று தனி வரி எதுவும் இல்லை. நமக்காக வங்கியிடம் பேசிப் பணத்தை வாங்கித் தரும் க்ளெய்ம் கம்பெனிகள், கிடைப்பதில் பங்கு கேட்டன. அவர்களும் அதே வங்கிக்குக் கடிதம்தானே எழுதுவார்கள்? அவர்களை விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது, டேட்டா புரொடெக்‌ஷன் சட்டப்படி என்னைப் பற்றிய ஆவணங்கள் அனைத்தையும் கேட்டு எழுதிய கடிதம். 2018 மே முதல் இதற்குக் கட்டணமில்லை; ஒரு மாதத்தில் தரவேண்டும். வந்த ஒப்பந்த நகலில் 'ஏ.எஸ்.யூ. கவர்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. விபத்து, நோய், வேலையிழப்புக் காப்பீடு. பிபிஐயேதான், பெயர் மட்டும் வேறு. முழு பிரீமியத்தையும் முதல் நாளே கடனில் ஏற்றி, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். ஸ்டேட்மென்ட்டில் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பக்கத்தை இணைத்து, சொந்தத் தொழில் செய்யும் எனக்கு வேலையிழப்புப் பகுதி எப்படிப் பொருந்தும் என்று கேட்டுப் புகார் அனுப்பினேன். பிபிஐ புகார்களுக்கான 2019 ஆகஸ்ட் 29 கெடுவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. பிரீமியம், அதன் வட்டி, மேலே 8% தனிவட்டி எல்லாம் வந்தன. அப்பாடா!

அந்த 8% பகுதியில் மட்டும் 20% வரி பிடித்திருந்தார்கள். சேமிப்பு வட்டிக்கான வரிவிலக்கு வரம்புக்குள் வந்ததால், பிடித்த வரியைத் திரும்பக் கேட்கும் ஆர்40 படிவம் போட்டு அதையும் வாங்கினேன்.