சாவியை எடுத்த பிறகும் நிற்காத இன்ஜின்

என்னுடையது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய கார். சாவியைத் திருப்பிக் கையில் எடுத்த பிறகும் இன்ஜின் கடகடவென்று உதறிக்கொண்டு ஐந்தாறு விநாடி ஓடும், அதுவும் வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்தால் மட்டும். நான்கு நாள் இதிலேயே போயிற்று.

முதலில் இக்னிஷன் சுவிட்ச் மேல்தான் சந்தேகம். ஆனால் சுவிட்ச் கோளாறு என்றால் இன்ஜின் சீராக ஓடும், இப்படிக் குலுங்காது. சாவி ஆஃபில் இருக்கும்போது பிளக்குக்கு ஸ்பார்க் தரும் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை என்பதை டெஸ்ட் லைட் வைத்தும் பார்த்துவிட்டேன். அப்படியானால் சிலிண்டருக்குள் பழுக்கக் காய்ந்த கரியோ பிளக் முனையோதான் ஸ்பார்க் இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைக்கிறது. பிளக்கை மாற்றினேன், ஸ்பார்க் வரும் டைமிங் பார்த்தேன், நிமிடத்துக்கு 1,100 சுற்றில் இருந்த ஐடிலை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 850-க்கு இறக்கினேன். குறைந்தது, ஆனால் போகவில்லை.

சரி, பெட்ரோல் ஏன் இன்னும் உள்ளே போகிறது என்று கார்புரேட்டர் பக்கம் வந்தேன். ஐடிலில் பெட்ரோல் வரும் சிறு துளைதான் ஐடில் ஜெட்; கரண்ட் நின்றதும் அதை அடைக்க அதில் ஒரு சோலனாய்டு (கரண்டில் நகரும் ஊசி உள்ள வால்வு) உண்டு. சாவி போட்டதும் 'டிக்' என்று சத்தம் வந்ததால் அது நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டிருந்தேன். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அதன் ஒயரைக் கழற்றினால் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால், உள்ளிருக்கும் ஊசியின் முனையை எப்போதோ யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். வெட்டிய தடம் தட்டையாகத் தெரிந்தது. சத்தம் வரும், ஜெட் அடைபடாது!

புதியது மாட்டி, மறுநாள் மதிய வெயிலில் 40 கிலோமீட்டர் ஓட்டி வந்து சாவியைத் திருப்பினேன், அந்த நொடியே நின்றது. ஒயர் முனையையும் இறுக்கிவிடுங்கள், அது தளர்ந்தால் ஐடிலில் வண்டி அணைந்துபோகும்.