தேநீருக்குச் சர்க்கரையைத் தலைதட்டி அளந்து போடுங்கள்

தேநீர் கொதிக்கும்போதே சர்க்கரையைக் கொட்டாமல், டம்ளரில் ஊற்றிய பிறகு தேக்கரண்டியைத் தலைதட்டி அளந்து போட்டு, அந்த அளவை வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். தலைதட்டிய தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரைதான் இருக்கும். கோபுரமாக அள்ளும்போது அது எவ்வளவு என்பது கைக்குத் தெரிவதில்லை. வேளைக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று வேளை குடித்தாலே 24 கிராம் ஆகிவிடுவதால், உலகச் சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் உகந்ததெனச் சொல்லும் சுமார் 25 கிராம் தேநீரிலேயே தீர்ந்துவிடுகிறது. சிறுகச் சிறுகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறுவது குறைப்பாகாது, அவையும் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும் நேரத்தில் இக்குறிப்பு பொருந்தாது. அப்போது சர்க்கரையை உடனே கொடுக்க வேண்டும்.