எண்ணெய் சீல் கிழியாமல் ஏற்ற ஒரு கூம்பு உறை

புது எண்ணெய் சீல், அதாவது சுழலும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயை மறிக்கும் வளையம், போட்ட கையோடு ஒழுகினால் சீல் செய்தவனைத் திட்டாதீர்கள். ஷாஃப்ட் நுனியில் நீளவாக்கில் வெட்டியுள்ள ஸ்பிளைன் பற்கள் அதன் ரப்பர் உதட்டைக் கீறியிருக்கக்கூடும். வெளிநாட்டில் ஹெலிகொப்டர் கியர்பொக்ஸ் வேலை செய்த காலத்தில் இதற்கென்றே ஒரு கூம்பு உறை பாவிப்போம்; அதை ஸ்பிளைனுக்கு மேலே மாட்டி, சீலை அதன் மேலால் வழுக்கி ஏற்றுவது. இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் என்னுடைய லேத்தில், பாலமீன்மடுப் பக்கமிருந்து வரும் போட் எஞ்சின்களுக்கும் அதையே கடைகிறேன். அவற்றில் சீல் போனால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, கியர் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும்.

முதலில் பொருள். இரும்பு வேண்டாம், அது ஷாஃப்டையே கீறும். நைலோன் மலிவுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். நம்முடைய கடற்காற்றில் இன்றைய அளவு அடுத்த மாதம் இருக்காது. சமையல் வெட்டுப்பலகைப் பிளாஸ்டிக்கைக் கடைந்தால் மேற்பரப்பு மயிர் மயிராக எழும்பும். அசிட்டல் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பிதான் சரி. டெல்ரின் என்று கேட்டாலும் தருவார்கள்.

வேர்னியரால் மூன்று அளவு எடுங்கள்: சீல் உட்காரும் இடத்தின் விட்டம், ஸ்பிளைனின் வெளிவிட்டம், ஸ்பிளைனின் நீளம். அவை 30, 28, 35 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 65 மி.மீ. நீளத் துண்டு போதும். ஒரு பக்கம் 28.2 விட்டத்தில் 40 ஆழத்துக்குத் துளையுங்கள். வெளியே 30.1க்குக் கடையுங்கள். மிச்சமுள்ள 25 மி.மீ. மூக்கை 5 பாகை சரிவில் இறக்கினால் நுனி 26க்குக் கீழே வந்துவிடும். சீலின் உதடு ஷாஃப்டை விடச் சின்னதாகத்தான் இருக்கும், ஆகவே நுனி அதற்குள் தாராளமாக நுழைய வேண்டும்.

கத்தி நல்ல கூராக இருக்கட்டும். அசிட்டல் சூட்டில் விரியும், அதனால் ஆறவிட்டுத்தான் கடைசி அளவு பாருங்கள். கண்ணைக் கரிக்கும் வாசம் வந்தால் சூடு கூடிவிட்டது, உடனே நிறுத்துங்கள். சீவலைப் பட்டறைக் குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். அதன் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

மூக்கின் நடுவால் 4 மி.மீ. துளை போடுங்கள். அது இல்லாவிட்டால் எண்ணெய் பூசிய ஷாஃப்டில் காற்று அடைபட்டு உறையைப் பின்னால் தள்ளும். அதே துளையால் ஒரு மெல்லிய நூலை விட்டு உள்ளே முடிச்சுப் போட்டு, வெளி நுனியில் சிவப்பு நாடா கட்டிவிடலாம். ஹெலிகொப்டரில் இந்த நாடாதான் முக்கியம் என்பேன். கியர்பொக்ஸுக்குள் மறந்து விட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு, கிழிந்த சீலை விட எவ்வளவோ ஆபத்து.

பிறகு 600, அடுத்து 1000 இலக்கத் தண்ணீர் சாண்ட்பேப்பர். திறந்த வாயின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், பிசிறு இருக்கக் கூடாது. அந்தக் கியர்பொக்ஸில் ஊற்றும் அதே எண்ணெயை உறையிலும் உதட்டிலும் பூசி, சீலைச் சுற்றிச் சுற்றிக் கையால் தள்ளுங்கள். சுத்தியல் வேண்டாம். சீல் தன் இடத்துக்குப் போனதும் நாடாவைப் பிடித்து உறையை இழுத்துவிடலாம்.

போட் எஞ்சினுக்கு இதோடு சரி. ஹெலிகொப்டரில் அப்படி முடியாது. பராமரிப்புக் கைநூலில் கருவி இலக்கம் குறித்திருந்தால் அதையே எடுக்க வேண்டும். பதிலுக்குச் செய்தது என்றால் வரைபடத்தோடு பொறுப்பான பொறியியலாளரிடம் காட்டி அனுமதி வாங்கி, இலக்கம் பொறித்து, கருவிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே கையில் எடுக்கலாம். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் வைக்க வேண்டும். சிலருக்கு இது அலுப்பு. எனக்கு இல்லை.

உறையைத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள், ஸ்பானர்களோடு போட்டால் கீறுப்படும். நகத்தில் தட்டுப்படுகிற கீறல் வந்தால் அந்த உறையை எறிந்துவிட்டு வேறொன்று கடையுங்கள். அளவுகளை ஒரு அட்டையில் எழுதி லேத்துக்கு மேலே ஒட்டியிருந்தால் அது பெரிய வேலையே இல்லை.