இளையோர் தற்கொலைத் தடுப்பு: நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகள்

செப்டம்பர் 10 நெருங்கினால் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். காலையில் பேரணி, அப்புறம் உறுதிமொழி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, முடிவில் குரூப் போட்டோ. 11ஆம் தேதி யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது உறுதிமொழிதான். தற்கொலை எண்ணத்துக்கு மனதில் இடம் தர மாட்டேன் என்று மைதானம் முழுக்கக் கை நீட்டிச் சொல்கிறார்கள். ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு வரிசையில் நிற்கிற பையன் என்ன செய்வான்? அவனும் கை நீட்டுவான். அதற்குப் பிறகு யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவான். ‘தற்கொலை கோழைத்தனம்’ என்கிற மேடைப் பேச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. உதவி கேட்டு வரவேண்டியவனுக்கு முதலிலேயே ஒரு பட்டத்தைக் கட்டிவிடுகிறோம்.

சரி, மேடைப் பேச்சு வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் மாணவர்களே நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து மனநலம் பற்றிப் பேசினார்கள், சிக்கலான சூழல்களை நடித்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், மாணவர்கள் நேரடியாகப் பங்கெடுத்த பிரிவில் தற்கொலை முயற்சிகள் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஆசிரியர் பயிற்சி மட்டும் நடந்த பிரிவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக ஆசிரியர் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு நாள் வகுப்பெடுத்து, சான்றிதழ் கொடுத்து, வேலை முடிந்தது என்று ஃபைலை மூடுவதுதான் தவறு.

ஆசிரியர்களுக்கு வழக்கமாக இருக்கும் பயம் ஒன்று: ‘நாமே கேட்டு, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டால்?’ கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேராகவே கேட்கலாம். “கொஞ்ச நாளா நீ நீயாவே இல்லப்பா. செத்துடலாம்னு தோணுதா?” ஆமாம் என்று பதில் வந்தால் உடனே புத்திமதியில் இறங்கக் கூடாது. “அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா?” என்பது அந்த நேரத்தில் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். அவனைப் பேசவிட வேண்டும், தனியாக விடக் கூடாது, அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூட்டிப்போக வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் மாணவனின் மனசுக்குள்ளேயே தேடுவது. தேர்வில் தவறினால் ஒரு வருஷமே போச்சு என்கிற நிலைமையை அப்படியே வைத்துக்கொண்டு, ‘தன்னம்பிக்கையோடு இரு’ என்று சொல்வதில் என்ன பயன்? சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு, தவறியவர்கள் உடனே மறுபடி எழுத வழி வேண்டும் என்று வலியுறுத்தியது. இன்று பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போய்விடலாம். 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற அறிவிப்பும் நின்றது. இவற்றில் எதுவும் கவுன்சிலிங் இல்லை. ஆனால் இவைதான் தடுப்பு. ரிசல்ட் நாளில் ஒரு பள்ளி செய்யக்கூடியதும் எளிமையானதுதான். தவறியவர்களின் பட்டியலை எடுத்து வகுப்பாசிரியர் அன்று காலையிலேயே வீட்டுக்குப் போன் போட வேண்டும். முதலில் “சாப்பிட்டியா?” என்று கேட்கலாம். பிறகு துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைச் சொல்லலாம். பெற்றோரிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

கூட்டு முயற்சி என்றவுடன் நாம் கூப்பிடுவது கல்வித்துறையையும் சுகாதாரத்துறையையும். வேளாண்மைத் துறையை யாரும் கூப்பிடுவதில்லை. கிராமத்து இளைஞர்களின் தற்கொலை முயற்சிகள் பலவும் ஒரு சண்டையில், ஒரு கோபத்தில், சில நிமிடங்களில் நடப்பவை. அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நச்சு இருக்கிறதா இல்லையா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கை 1980களில் தொடங்கி அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது; விளைச்சல் குறையவில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டிய பெட்டியில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள். உரக்கடைக்காரரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் இல்லாத தடுப்புக் குழு கிராமத்தில் அரைக்குழுதான்.

இன்னொன்று, இளையோர் என்றால் மாணவர் என்று எடுத்துக்கொள்வது. 2022இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044 பேர். ஆனால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 18 முதல் 30 வயதுக்குள் உள்ளவர்கள். மீதி இளைஞர்கள் எங்கே? பனியன் கம்பெனியில், கட்டட வேலையில், கல்யாணமாகிப் போன வீட்டில். அவர்கள் நம் கல்லூரிக் கருத்தரங்குக்கு வரப்போவதில்லை.

பெரிய ஓட்டை இருப்பது ஆஸ்பத்திரியில். ஒருமுறை முயன்று பிழைத்தவருக்குத்தான் ஆபத்து மிக அதிகம். ஆனால் நடப்பது என்ன? எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்ற பதிவு) போட்டு, உயிரைக் காப்பாற்றி, மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ‘கேஸ் ஆகிவிடும்’ என்ற பயத்தில் குடும்பமே கூட்டிக்கொண்டு ஓடுவதும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், பிரிவு 115, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. வார்டில் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஒரு சோதனை செய்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். எந்த ஃப்ளெக்ஸிலும் வராத வேலை இது. என்னைக் கேட்டால், பேரணிக்கு ஆகும் பணத்தை இந்தப் போன் பில்லுக்குக் கொடுத்துவிடலாம்.

ஓர் இறப்பு நடந்துவிட்டால் பள்ளியில் பெரிய படம் வைத்து அஞ்சலிக் கூட்டம் நடத்துவது, எப்படி நடந்தது என்று விவரிப்பது, ‘தீராத வயிற்று வலி’, ‘காதல் தோல்வி’ என ஒற்றைக் காரணம் எழுதுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பத்திரிகைகளுக்கு இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நெருங்கிய நண்பர்களைத் தனியே உட்காரவைத்துப் பேசுவதுதான் அப்போதைய வேலை.

கடைசியாக, தடுப்புப் பணிக்காகக் கல்லூரிகள் மற்ற அமைப்புகளோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சனிக்கிழமை இரவு ஹாஸ்டலில் ஒரு பெண் வார்டனிடம் வந்து அழுதால், வார்டன் யாரைக் கூப்பிடுவார்? ‘சம்பந்தப்பட்ட துறை’ என்ற பதில் செல்லாது. ஆளும், எண்ணும், அவர் எடுக்காவிட்டால் அடுத்த ஆளும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் எண் வார்டனின் போனிலேயே இருக்கட்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே மனசு அப்படி இருந்தால், 14416 டெலிமானஸ் (அரசின் மனநல உதவி எண்) 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. சினேகா: 044-24640050.