மாடல் விமானத்தில் 20 சிசி பெட்ரோல் என்ஜினைப் பொருத்துவது எப்படி?

எலெக்ட்ரிக் மோட்டாரில் பறக்கவிட்டுப் பழகியவர்கள் முதன்முறை பெட்ரோலுக்கு வரும்போது சத்தத்தையும் எடையையும் எதிர்பார்த்தே வருகிறார்கள். அதிர்வைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டும்போது, அதன் உதறல் மரம், பசை, திருகு, ஒயர் என்று எதையும் விட்டுவைக்காது. இந்த வேலையில் பாதி, அந்த உதறலுக்கு ஈடுகொடுக்கும்படி ஒவ்வொன்றையும் இறுக்கி வைப்பதுதான்.

சுமார் 1.8 மீட்டர் இறக்கை நீளமுள்ள விமானம், பின்பக்கம் நான்கு அலுமினிய ஸ்டாண்ட்ஆஃப்களில் (என்ஜினைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் தண்டுகள்) நிற்கும் 20 சிசி என்ஜின். இதை வைத்தே சொல்கிறேன்.

ஃபயர்வால்

ஃபயர்வால், அதாவது என்ஜினைத் தாங்கும் முன்பலகை, 6 மிமீ பிர்ச் பிளைவுட்டாவது இருக்க வேண்டும். கடையில் வாங்கிய விமானமாக இருந்தாலும், பலகை உடலோடு சேரும் மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பசை எங்காவது விட்டிருந்தால் 30 நிமிட எபாக்சி பூசி, உட்புற மூலைகளில் முக்கோணக் கட்டைகளை ஒட்டிவிடுங்கள். என் முதல் விமானத்தில் இதைச் செய்யவில்லை. மூன்றாவது தடவை பறந்து இறங்கியபின் பார்த்தால், பலகைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. கட்டைவிரலால் அழுத்தினால் கோடு விரிந்தது. நான்காவது தடவை ஏற்றியிருந்தால் என்ஜின் தனியாகப் போயிருக்கும்.

மையம் குறிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அது சுழற்றித் தள்ளும் காற்று வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதி மூக்கை இடதுபக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்டவே என்ஜினை 2 டிகிரி அளவுக்கு வலதுபக்கம் திருப்பி வைக்கிறோம். திருப்பினால் ஸ்பின்னரும் (ப்ரொப்பெல்லரின் நடுவில் மாட்டும் கூம்பு) வலதுபக்கம் ஒதுங்கி, கௌலின் (என்ஜினை மூடும் மூக்கு உறை) நடுவில் உட்காராது. அதனால் என்ஜினின் மையத்தையே ஃபயர்வாலில் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிக் குறிக்க வேண்டும். ஃபயர்வாலிலிருந்து ப்ரொப்பெல்லர் உட்காரும் தட்டு வரை 150 மிமீ என்றால், 2 டிகிரிக்குத் தள்ள வேண்டியது 5 மிமீ.

இடது என்பது விமானியின் இடது. பலகைக்கு எதிரே நின்று குறிக்கும்போது அது உங்கள் வலக்கைப் பக்கம். பென்சிலை எடுக்கும்முன் பலகையிலேயே 'இடது' என்று எழுதிவைத்துவிடுங்கள்.

சில விமானங்களில் ஃபயர்வாலையே சாய்த்து ஒட்டியிருப்பார்கள். அப்படியானால் சாய்வை மறுபடி கூட்டாதீர்கள். சாய்வு இல்லையென்றால், இடப்பக்க ஸ்டாண்ட்ஆஃப்களுக்கு அடியில் வாஷர் கொடுக்கலாம். இட வலத் துளைகளுக்கு இடையே 50 மிமீ என்றால் சுமார் 1.75 மிமீ கனம் போதும்.

துளையும் போல்ட்டும்

என்ஜினோடு வரும், துளைகளின் இடம் குறித்த அச்சுத்தாளை மையத்தில் ஒட்டி, முதலில் 2 மிமீ பிட், அடுத்து போல்ட்டின் அளவு. துளை போட்டபின் மெல்லிய எபாக்சியைப் பலகை முழுக்கவும் துளைகளின் உட்சுவரிலும் பூசிக் காயவிடுங்கள். பெட்ரோலும் எண்ணெயும் ஊறிய பிளைவுட் பிறகு எந்தப் பசையையும் பிடிக்காது.

பலகையின் உட்புறத்தில் அகன்ற வாஷர் வைக்காமல் முடுக்கினால் போல்ட்டின் தலை மரத்துக்குள் புதையும். மரை எல்லாவற்றையும் தின்னரில் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, மரை தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, குறுக்கும் மறுக்குமாக முடுக்குங்கள். ஒரு நாள் காயட்டும். காய்ந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துப் பரப்புக்கு ஒரு மெல்லிய பெயின்ட் கோடு இழுத்துவையுங்கள். போல்ட் அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

இப்போது சாய்வைச் சரிபார்க்கலாம். 16 அங்குல ப்ரொப்பெல்லரைப் படுக்கையாக வைத்து, இடது நுனியிலிருந்து வால் துடுப்பின் கீல் வரை நூலால் அளந்துகொள்ளுங்கள். அதே நுனியை அரைச்சுற்றுத் திருப்பி வலதுபக்கம் கொண்டுவந்து மறுபடி அளங்கள். 2 டிகிரிக்கு இடதுபக்க அளவு சுமார் 14 மிமீ கூடுதலாக வர வேண்டும். வலதுபக்க அளவைவிடக் குறைவாக வந்தால், என்ஜின் தலைகீழாக இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது.

டேங்க்

மெத்தனால் எரிபொருளில் ஓடும் க்ளோ என்ஜினுக்குப் போடும் சிலிகான் ட்யூப் இங்கே ஆகாது; பெட்ரோலில் உப்பிக் கூழாகிவிடும். மஞ்சள் நிற டைகான் ட்யூப்பும், பெட்ரோல் தாங்கும் ரப்பர் அடைப்பானும் வேண்டும். ட்யூப் மாட்டிய ஒவ்வொரு முனையையும் கட்டுங்கள். எரிபொருளை உறிஞ்சும் ட்யூப்பின் முனையில் உள்ள எடைக்கட்டியான கிளங்க், டேங்குக்குள் தாராளமாக ஆட வேண்டும், பின்சுவரில் ஒட்டக் கூடாது. இந்த வகை என்ஜினின் கார்புரேட்டரில் பம்ப் உள்ளேயே இருக்கிறது. என்ஜினின் கிராங்க் அறையில் ஏறி இறங்கும் அழுத்தமே அதை இயக்கும். ஆகவே டேங்கை மூக்கருகே வைக்கத் தேவையில்லை. பின்னால் தள்ளி, எடை மையத்தின் மேலேயே வைத்தால், எரிபொருள் தீரத் தீர சமநிலை மாறாது.

எண்ணெய்க் கலவை 30:1 என்றால் லிட்டருக்கு 33 மில்லி. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் சவ்வையும் கெடுக்கும். பறந்து முடித்ததும் டேங்கை வடித்து, மீதியை என்ஜினிலேயே ஓட்டித் தீர்த்துவிடுவது என் வழக்கம்.

இக்னிஷனும் த்ராட்டிலும்

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச். அதன் பெட்டியை ஸ்பாஞ்சில் சுற்றி, ரேடியோ ரிசீவரிலிருந்து 30 செமீயாவது தள்ளி வையுங்கள். என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கம்பியின் முனை பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகமும் உலோகமும் உரசினால் ரேடியோவில் இரைச்சல் ஏறலாம். பிளக்கின் தொப்பி சரியாக உட்காராமல் இக்னிஷனைப் போட்டு என்ஜினைச் சுற்றினால் அந்தப் பெட்டியே எரிந்துபோகக்கூடும். சுவிட்ச் போட்டிருக்கும்போது ப்ரொப்பெல்லரை மெல்லத் தள்ளினாலும் பிளக் பொறி விடும், இதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

கௌலில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

கௌலை மாட்டாமல், விமானத்தின் வாலைக் கம்பத்தில் கட்டுங்கள். ஒருவர் இறக்கைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். ப்ரொப்பெல்லருக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. தடித்த தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் காற்றை அடைக்கும் சோக்கை மூடி, த்ராட்டிலைச் சற்றே திறந்து, இக்னிஷனைப் போட்டு, 'பட்' என்று ஒரு சத்தம் வரும்வரை ப்ரொப்பெல்லரைத் தட்டுங்கள். சத்தம் வந்ததும் சோக்கைத் திறந்துவிட்டு மறுபடி தட்டுங்கள், பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைச் சரிசெய்யும் ஊசி திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே விட்டுவையுங்கள். முதல் நாளில் கைவைக்க வேண்டாம்.

மூன்று நிமிடம் ஓடியதும் அணைத்து, ஆறவிட்டு, டார்ச்சோடு பெயின்ட் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மர ப்ரொப்பெல்லர் என்றால் அதன் போல்ட்களை இன்னொரு முறை முடுக்குங்கள், மரம் அமுங்கியிருக்கும். எல்லாக் கோடும் முறியாமல் இருந்தால், கௌலை மாட்டி, டேங்க் காலியாக இருக்கும்போதே எடை மையத்தைப் பார்த்துவிட்டு மைதானத்துக்குக் கிளம்பலாம்.