காலையில் கூண்டைத் திறக்கும்போது

எங்கள் ஆயாவுக்குக் கோழி வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். கோழி தூங்கி விழுந்தால் அன்று ராத்திரி குழம்பு. ஒன்று குழம்பாகிறதற்குள் பத்து செத்துப் போயிருக்கும். "சீக்கு வந்திச்சி, வாரிக்கினு பூட்ச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த அடை வைக்கப் போய்விடுவாள். நானும் பல வருசம் அப்படித்தான் இருந்தேன். இப்போது வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் பக்கத்தில், மலையடிவாரத்தில், நாற்பது நாட்டுக்கோழியும் நாலு சேவலும் வைத்திருக்கிறேன். என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மருந்துப் பெயர் இல்லை. காலையில் கூண்டைத் திறந்ததும் ஒரு ஓரமாக நின்று பாருங்கள், அவ்வளவுதான்.

நல்ல கோழி முட்டி மோதிக்கொண்டு வெளியே பாயும். கடைசியில் தயங்கித் தயங்கி வருவது எது, உள்ளேயே கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். எல்லாம் வெளியே போனதும் குனிந்து எச்சத்தைப் பாருங்கள். பழுப்பும் சாம்பலுமாகக் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருந்தால் கவலை இல்லை. நடுநடுவே சாக்லேட் நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றமாக ஒன்று கிடக்கும். அதுவும் இயற்கைதான். அதைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அடைக்கோழி பெரிசாகப் போட்டு நாறடிப்பதும் நோய் இல்லை. தண்ணீராக வெள்ளையும் பச்சையும் கலந்திருந்தால்தான் வயிற்றில் புளி கரைக்க வேண்டும். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது வேறு கதை, பிறகு சொல்கிறேன். வெறும் பச்சையாகப் போனால், அந்தக் கோழி ரெண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்றும் இருக்கலாம்.

சந்தேகப்பட்ட கோழியைப் பிடித்து மடியில் வைத்துத் தடவுங்கள். கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பை ராத்திரி நிறைந்திருக்கும், காலையில் காலியாக இருக்க வேண்டும். விடிந்தும் கல் மாதிரி இருந்தால் உள்ளே அடைப்பு. நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் குத்தினால் அது நேற்று வந்த நோய் இல்லை, பெரும்பாலும் குடற்புழு. கொண்டை வெளுத்திருந்தால் புழு, உண்ணி ரெண்டையும் சந்தேகப்படுங்கள். கொண்டை நீலம் பாய்ந்து கறுத்திருந்தால் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடிக்காமல் கூண்டுக்கு வெளியே ரெண்டு நிமிசம் நின்றாலும் ஒன்று தெரியும். சளி பிடித்த கோழி பகலில் மறைத்துவிடும். இருட்டில் கொர் கொர் என்று இழுப்பதை மறைக்க முடியாது.

இனி வெள்ளைக்கழிச்சல். ஊரில் 'சீக்கு' என்று சொன்னாலே பாதி நேரம் இதுதான். டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் அது இராணிப்பேட்டைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நினைத்தவள்தான். ராணிக்கெட் வடக்கே இமயமலைப் பக்கத்து ஊர், 1920-களில் அங்கே இந்த நோயைக் கண்டதால் அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், நம் இராணிப்பேட்டையில் 1932-லிருந்து இருக்கிற அரசு கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இந்த நோய்க்கான தடுப்பு மருந்தையும் தயாரிக்கிறார்கள்.

எனக்கு இது வந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு மாசி மாதம், சந்தையில் செவலைச் சேவல் ஒன்றை வாங்கி வந்து நேராகக் கூண்டில் விட்டேன். ஆள் அழகாக இருந்தது, கொஞ்சம் மந்தம். பயணக் களைப்பு என்று நினைத்தேன். ஆறாம் நாள் ரெண்டு கோழி இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மறுநாள் எச்சம் சுண்ணாம்புத் தண்ணீராகப் போனது. தப்பிய ஒரு வெடைக்கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தே சுற்றியது. முப்பத்தெட்டில் ஏழு மிஞ்சின. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "யக்கா, இன்னா மருந்து குடுக்கறது?" என்றாள். மருந்து இல்லை. இது வைரஸ், வந்த பிறகு குணமாக்க ஒன்றுமே கிடையாது. மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுத்தேன். சாதாரணச் சளிக்கு அதைக் கொடுத்தால் கோழி தீனி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கழிச்சல் அதற்கெல்லாம் அசையவில்லை.

ஆகவே முன்கூட்டியே தடுப்பு மருந்து. குஞ்சு பொரித்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் வாக்கில் இன்னொரு முறை. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ஊசி, அரை மில்லி. அந்த ஊசி மருந்தைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள், தாங்காது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். வருசா வருசம் பிப்ரவரியில் இதே நோய்க்குக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் இலவசமாக நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

இங்கேயும் நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன். ஒரு சித்திரை மாதம் மருந்துக் குப்பியை வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தேன். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்! குப்பி கையில் சுட்டது, மருந்து உள்ளேயே செத்துப் போயிருக்கும். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டு வர வேண்டும். கலக்கிய மருந்தை ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்ததை நாளைக்கு வைக்கக் கூடாது. ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும் என்பதால் நாங்கள் நாலு வீடு சேர்ந்து வாங்குகிறோம். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போடுகிறோம். ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவேன். ஏற்கெனவே சுணங்கிய கோழிக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை.

ரத்தக்கழிச்சல் குஞ்சுகளுக்கு, பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள். காரணம் ஈரம். தண்ணீர் கிண்ணம் கவிழ்ந்து அடியில் போட்ட உமியோ மல்லாட்டை (வேர்க்கடலை) தோலோ நனைந்தால் அதில் இந்தக் கிருமி பெருகும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் மாற்றிவிடுங்கள். இதற்கு மருந்து உண்டு, தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் குஞ்சு பிழைக்கும்.

அம்மை, மழை முடிந்து கொசு பெருகும்போது வரும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மரு மாதிரிக் கொப்புளம். அதைப் பிய்க்காதீர்கள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, கண் மூடிய கோழிக்குக் கையால் தீனி ஊட்டினால் மூன்று நாலு வாரத்தில் எழுந்துவிடும். வாய்க்குள் மஞ்சளாகப் படர்ந்தால் கஷ்டம். இதற்கும் இறக்கை மடிப்பில் குத்துகிற தடுப்பூசி இருக்கிறது.

உண்ணி விசயத்தில் எல்லாரும் ஏமாறுகிறோம். பகலில் கோழி மேல் தேடினால் ஒன்றும் தெரியாது. அது மூங்கில் பிளவிலும் சுவர் வெடிப்பிலும் தட்டையாக ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கிறது. பழைய கத்தி முனையை இடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள், முனையில் சிவப்புத் தெரியும். தீனி இல்லாமல் மாசக்கணக்கில் கிடக்கும், ஆகவே கூண்டைக் காலியாக வைத்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். நான் கொதிக்கிற தண்ணீரை இடுக்கெல்லாம் ஊற்றி, காய்ந்ததும் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கிறேன். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் கோழி மேல் தெளிக்கிற பழக்கம் இங்கே இருக்கிறது. வேண்டாம். கோழியும் சாகும், முட்டையைத் தின்கிற பிள்ளைகளுக்கும் ஆகாது.

அக்னி நட்சத்திரத்தில் நோயே இல்லாமலும் கோழி சாகும். அதற்கு வேர்க்காது. வாயைத் திறந்து, இறக்கையை அகட்டி இளைத்தால் உடனே நிழலுக்கு எடுத்துப்போய்க் காலை நனைத்துவிடுங்கள். மண்பானைத் தண்ணீரை மத்தியானம் ஒருதரம் மாற்றுங்கள். தீனியை வெயில் ஏறும் முன்னும் சாய்ந்த பின்னும் வையுங்கள்.

செத்த கோழியை ஏரிக்கரையில் வீசாதீர்கள். நாய் இழுத்துப்போய் ஊரெல்லாம் பரப்பும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ஒரே நாளில் கொத்தாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வாரம் பத்து நாளில் விற்றுத் தீர்த்துவிடலாம் என்று சீக்குக் கோழியைச் சந்தைக்கு ஓட்டுகிறவர்களால்தான் எனக்கு அந்தச் செவலை வந்தது.

அதிலிருந்து வெளிக்கோழி எது வந்தாலும் மூன்று வாரம் தனிக்கூடை. என் கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகுதான் அதனிடம் போவேன், வந்ததும் கை கால் கழுவுவேன். இப்போதும் புளியமரத்தடியில் ஒரு கறுப்பு வெடை கூடைக்குள் கிடக்கிறது. அண்ணி சீராகக் கொடுத்தது. "எங்க வூட்டுக் கோழிய நம்ப மாட்டியா?" என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். இன்றைக்குப் பதினோராம் நாள், எச்சம் கெட்டியாக இருக்கிறது.