டெட்ராய்ட் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு, வீடு பாக்கறதுக்கு முன்னாடி

இங்க வேலை கெடச்சு வர்றவங்க மொதல்ல கேக்கறது "நல்ல ஏரியா எது"ன்னுதான். ட்ராய், நோவை, கேண்டன்னு சுத்தி இருக்கற புறநகர நாங்களும் அடுக்குவோம், இட்லி மாவு கெடைக்கும், ஸ்கூல் ரேட்டிங் நல்லாருக்கும், அப்பறம் ஒருத்தர் கொரல தாழ்த்தி "எயிட் மைலுக்கு தெக்க மட்டும் போயிடாதீங்க"ம்பாரு. எனக்கும் சொன்னாங்க, நானும் நாலு பேருக்கு சொல்லிருக்கேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

எயிட் மைல் ரோடுதான் டெட்ராய்ட் சிட்டியோட வடக்கு எல்லை, அதுக்கு தெக்க பெரும்பாலும் கறுப்பர்கள்தான் குடியிருக்காங்க. அங்கருந்து தெக்க கொஞ்ச தூரத்துல ஒரு சுவர் நிக்குது, ஆறடி ஒசரம், அரை மைல் நீளம். 1941-ல வெள்ளக்காரங்களுக்கு வீடு கட்ட வந்த பில்டருக்கு, பக்கத்துல கறுப்பர்கள் குடியிருக்காங்கன்னு சொல்லி ஃபெடரல் ஹவுஸிங் ஆபீஸ் லோனுக்கு கேரண்டி தரல, அவரு நடுவுல சுவர எழுப்பி வாங்கிட்டாரு. இப்ப பார்க் பக்கம் கலர் கலரா படம் வரஞ்சிருக்காங்க. பையன கூட்டிட்டு போனேன், "ரெண்டு பக்கமும் வீடுதானப்பா இருக்கு, எதுக்கு சுவர்?"னு கேட்டான். மதுரை பக்கம் உத்தப்புரத்துல தலித்துகள பிரிச்சு கட்டின சுவர்ல ஒரு பகுதிய 2008-ல இடிச்சத டிவில பாத்தவன் நான், எனக்கே சட்டுனு பதில் வரல.

வீடு விக்கறதுல நெறம் பாக்கக்கூடாதுன்னு 1968-லதான் சட்டம் வந்துச்சு. அதுக்குள்ள லோன் கெடச்ச குடும்பத்துக்கு வீடு சொத்தா வளந்துடுச்சு, கெடைக்காதவங்க வாடகை கட்டியே ஓஞ்சாங்க. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வோட 2022 கணக்குல, சொத்து வரிசையில சரியா நடுவுல நிக்கற வெள்ளக்கார குடும்பத்துக்கு 2,85,000 டாலர், அதே மாதிரி நடுவுல நிக்கற கறுப்பர் குடும்பத்துக்கு 44,900. வீடு காட்டற புரோக்கர், ரியல்டர்கிட்ட "இங்க எந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க"ன்னு கேட்டு வெக்காதீங்க, அந்த 1968 சட்டத்துக்கு பயந்து அவங்க வாயே தெறக்க மாட்டாங்க.

என் டீம்ல ஒரு சீனியர் எஞ்சினியர், கறுப்பர். வீட்டு லோன மாத்தி வாங்கற ரீஃபைனான்ஸுக்கு வீட்ட மதிப்பு போட ஆள் வந்த அன்னைக்கு, கறுப்பர் வீடுன்னு தெரிஞ்சா கொறச்சு போட்டுடுவாங்கன்னு, சுவத்துல இருந்த ஃபேமிலி ஃபோட்டோவ எல்லாம் கழட்டி கார் டிக்கில போட்டுட்டு, ஒரு வெள்ளக்கார ஃப்ரெண்ட வீட்டுக்காரர் மாதிரி கதவ தெறக்க சொன்னாராம். லஞ்ச்ல சாப்டுக்கிட்டே சாதாரணமா சொல்றாரு. நான் ரீஃபைனான்ஸ் பண்ணப்ப ஹால்ல முருகர் படம் மாலையோட இருந்துச்சு, எடுக்கணும்னே தோணல.

போலீஸ் நிறுத்தினா ஊர்ல மாதிரி கார விட்டு எறங்கி ஓடாதீங்க. ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல, டாஷ்போர்டுல கை விடணும்னா கேட்டுட்டு. நமக்கு இது டிப்ஸ், அந்த சீனியர் எஞ்சினியர் தன் பையனுக்கு பதினாறு வயசுல உக்கார வெச்சு சொல்லிக் குடுத்த பாடம்.

"நாம படிச்சு முன்னேறல? கறுப்பர்களுக்கு மட்டும் என்ன?"ன்னு கேக்கறவங்க நம்ம பார்ட்டிகள்ல நெறைய உண்டு. 1946-ல அமெரிக்காவுல குடியேற இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான் கோட்டா. அது ஒடஞ்சது 1965-ல, கறுப்பர்கள் தெருவுல எறங்கி அடி வாங்கி சிவில் ரைட்ஸ் சட்டம் கொண்டுவந்த மறுவருஷம், அதே காத்துல. நம்ம க்ரீன் கார்டு க்யூ அங்கருந்துதான் ஆரம்பிக்குது.

சனிக்கெழம ஈஸ்டர்ன் மார்க்கெட் போங்க, எயிட் மைலுக்கு தெக்கதான். ஆகஸ்ட்ல வெண்டக்கா வரும். போன தடவ நான் நுனிய ஒடிச்சு பாத்து எடுக்கறேன், பக்கத்துல ஒரு கறுப்பர் பாட்டியும் அதே மாதிரி ஒடிச்சு பாத்து, முத்தலா இருந்தத என் கையிலருந்து வாங்கி திருப்பி கூடையில போட்டாங்க.